வலது பக்கத்துக் கதவு

சின்ன விமானத்தில் யாரை ஏற்றிக்கொண்டு போனாலும், எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான் கட்டாயம் ஒன்று சொல்வேன்: "மேலே போனதும் கதவு திறந்துக்கிட்டா அதைத் தொடாதீங்க." கேட்டதும் பலருக்கு முகம் மாறிவிடும். பரவாயில்லை, தெரிந்திருக்க வேண்டும்.

நான் ஓட்டுவது பைப்பர் வாரியர். நான்கு பேர் உட்காரலாம், ஆனால் ஏறி இறங்கக் கதவு ஒன்றுதான், அதுவும் வலது பக்கம். பைலட் இடது பக்கம். அதனால் கதவோரம் இருப்பவர் பெரும்பாலும் விமானம் பற்றி ஒன்றும் தெரியாத விருந்தாளி. கதவுக்கு இரண்டு தாழ்: பக்கவாட்டில் ஒன்று, கூரையோரம் ஒன்று. மேல் தாழ் சரியாகப் பிடிக்காவிட்டால் தரையில் ஓடும்போது தெரியாது. மேலே எழும்பும் நேரத்தில்தான் படாரென்று திறக்கும். கூரைமேல் வேகமாக ஓடும் காற்றில் அழுத்தம் குறைவதால் கதவின் மேல் விளிம்பு வெளியே இழுபடும்.

போன கோடையில் கலிபோர்னியாவின் லிவர்மோரில் இருந்து கிளம்பியபோது இது நடந்தது. தாழ் போட்டிருந்ததை நான் கை வைத்துப் பார்த்திருந்தேன். உள்ளே கொக்கி தேய்ந்திருந்தது பிறகு மெக்கானிக் கழற்றியபோதுதான் தெரிந்தது. பெரும் இரைச்சல், காற்று, காகிதமெல்லாம் பறந்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, "மாப்பிள்ளை, நான் இழுத்துப் பிடிச்சுக்கிறேன்" என்றார்.

"வேண்டாம் மாமா, கையை மடியில வைங்க. பெல்ட்டைக் கழட்டாதீங்க."

கதவு சில அங்குலம் விலகியபடி நின்றது, அவ்வளவுதான். எதிர்க்காற்று அதை அதற்குமேல் திறக்க விடாது. விமானம் வழக்கம்போலப் பறந்தது. விமான நிலையத்தை வழக்கமான சுற்று போட்டு, செக்லிஸ்ட்டை முழுதாகச் சொல்லி முடித்து இறங்கினோம்.

அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையின் பயிற்சிக் கையேடும் இதையே சொல்கிறது: திறந்த கதவால் விபத்து நேர்வது மிக அரிது, அதைப் பார்த்துப் பதறும் பைலட்டால்தான் நேர்கிறது. அவசரமாகத் திரும்ப நினைத்துத் தாழ்வான உயரத்தில் விமானத்தை அளவுக்கு மீறிப் பக்கவாட்டில் சாய்ப்பார். ஒரு கை கதவை எட்டும்போது மூக்கு மேலே போகும், வேகம் குறையும், ஸ்டால், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்துவிடும். பீச் பொனான்ஸா என்ற சின்ன விமானத்தில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. பறக்கக்கூடிய விமானத்தில் மனிதர்கள் சாவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மேல்நோக்கித் திறக்கும் கண்ணாடிக் கூண்டு உள்ள விமானங்களின் கதை வேறு. அது கழன்றால் வாலில் மோதலாம், காற்று முகத்தில் அறையும்.

பறக்கும்போதே மூடவும் வழி உண்டு. செஸ்னா 172 என்றால் வேகத்தைச் சுமார் 75 நாட் (மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர்) அளவில் வைத்து, கதவைச் சற்று வெளியே தள்ளி, ஓங்கிச் சாத்த வேண்டும். வாரியரில் 87 நாட். காற்றுத் துளைகளை மூடி, பைலட் பக்கத்துச் சின்ன ஜன்னலைத் திறந்து உள்ளழுத்தத்தைக் குறைத்துவிட்டு மூட வேண்டும். பக்கத்தில் இன்னொரு பைலட் இருந்தால், நல்ல உயரத்தில் இதைச் செய்வேன். விருந்தாளியோடு இருந்தால் தரையிறங்கி எஞ்சினை நிறுத்திய பிறகுதான் கதவில் கை வைப்பேன்.