தொழுவத்தில் ஒன்பது

25 நவம்பர், திங்கள்

தொழுவத்தின் பத்து மர ஆடுகளில் ஒன்பதுதான் இருக்கின்றன. மூன்று முறை எண்ணிவிட்டேன்.

26 நவம்பர், செவ்வாய்

தாளாளர் ஐயா அழைத்திருந்தார். டிசம்பர் 13 அன்று நடக்கும் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் எழுதி நிரப்பிய இரட்டைக்கோட்டு நோட்டுகளைக் காட்ட வேண்டுமாம். மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டின் வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்வதை எடுத்துச் சொன்னேன். அதை நம் மாநிலம் ஏற்கவில்லையே என்றார். அதுவும் உண்மைதான். கொள்கையை விட்டுவிடுவோம். என் வகுப்பின் பதினெட்டுப் பேரில் ஆறு பேருக்குத் தங்கள் சட்டைப் பொத்தானைப் போடவே இன்னும் விரல் வளையவில்லை.

28 நவம்பர், வியாழன்

ஆடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

காலை விளையாட்டு நேரத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் மணல் தொட்டியின் மூலையில் குனிந்து தோண்டினான். மர ஆட்டை வெளியே எடுத்து, மண்ணைத் துடைத்து, காதருகே வைத்துச் சற்று நேரம் கேட்டுவிட்டு, மறுபடியும் அதே குழியில் வைத்து மூடினான். மேலே இரண்டு குச்சிகளைக் குறுக்காக வைத்தான். அக்டோபரில் அவனுடைய ஆச்சியை அடக்கம் பண்ணினார்கள். அதன்பின் வகுப்பில் அவன் ஒரு சொல்லும் பேசியதில்லை.

நான் ஐந்தடி தள்ளிக் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவனை மடியில் இருத்திக்கொள்ளவும், ஆச்சி இயேசப்பாவிடம் இருக்கிறார் என்று சொல்லவும் உடம்பெல்லாம் துடித்தது. ரோமில் 1954இல் சோபியா கவல்லெட்டியும் ஜியன்னா கோபியும் சிறுபிள்ளைகளின் சமயக் கல்விக்காகத் தொடங்கிய வழியில், நல்ல மேய்ப்பனைப் பற்றிச் சொன்னபின் ஆடுகளையும் தொழுவத்தையும் பிள்ளையின் கையிலேயே விட்டுவிட வேண்டும். இதற்கு இதுதான் பொருள் என்று ஆசிரியர் முடித்துவைக்கக் கூடாது. பயிற்சியில் கேட்டபோது அது எளிதாகத் தெரிந்தது. அழக்கூடத் தெரியாத நான்கு வயதுப் பிள்ளையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அன்பா, கைவிடுதலா என்று வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு விளங்கவில்லை. எழுந்து போகவில்லை என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

29 நவம்பர், வெள்ளி

ஆடு குறைவதை மற்றவர்களும் கண்டுபிடித்துவிட்டார்கள். நான் எண்ணச் சொல்லவில்லை. ஒருத்தி ஒன்பதுவரை எண்ணி நிறுத்தினாள்; இன்னொருவன் பின்னாலிருந்து எண்ணினால் பத்து வரும் என்று வாதிட்டான்; மூன்றாமவள் ஐந்தும் நான்குமாகப் பிரித்து வைத்து, வராது என்று காட்டினாள். பிறகு அவர்களே ஆள் பிரித்துக்கொண்டு அலமாரிக்கடியிலும் செருப்புகளுக்கிடையிலும் தேடினார்கள். முக்கால் மணி நேரம் ஒரு சண்டையும் இல்லை. அவன் கதவோரம் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தான். மணல் தொட்டிப் பக்கம் யாராவது போனால் அவனும் கூடவே போனான்.

1 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுவர்த்தி. ஆராதனை முடிந்து வாசலில் இரண்டு தாய்மார் நோட்டைப் பற்றிக் கேட்டார்கள்.

3 டிசம்பர், செவ்வாய்

இன்று கோபம் தணியவே இல்லை. சிறுபிள்ளைகளைத் தடைபண்ணாதிருங்கள் என்ற வசனத்தை அலுவலகச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிவிட்டு, அதன் கீழே அமர்ந்துகொண்டு மணல் விளையாட்டை அரை மணி நேரமாகக் குறைக்கச் சொல்கிறார்கள். ஃப்ரோபெல்லும் ஒரு போதகரின் மகன்தான். விளையாட்டின் வழியாகக் கற்பிக்க அவர் தோற்றுவித்த கிண்டர்கார்டன்களைப் பிரஷ்ய அரசு 1851இல் தடைசெய்தது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். தடை விலக 1860 ஆயிற்று. தன் வேலை மீண்டும் திறக்கப்பட்டதைப் பார்க்காமலே போன அந்த மனிதரை நினைத்தபடி சமையலறையில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

5 டிசம்பர், வியாழன்

பகல் பதினொன்றுக்கு மழை பிடித்தது. நான் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது என் முந்தானையை யாரோ இழுத்தார்கள்.

“நனையும் டீச்சர்.”

குடையை அவனிடம் கொடுத்தேன். தொட்டியின் மூலையில் குடையை இரண்டு கையாலும் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டு நின்றான். நான் அவனுக்கு இன்னொரு குடை பிடித்தேன். இருவரும் எதுவும் பேசவில்லை.

6 டிசம்பர், வெள்ளி

பேசவில்லை. ஆனால் பாலைக் குடித்தான்.

9 டிசம்பர், திங்கள்

அவன் அம்மாவிடம் சொன்னேன். நின்ற இடத்திலேயே அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுதவும் பழக்கிவிடுங்கள் டீச்சர், பெரிய பள்ளியில் எடுக்க மாட்டார்கள்” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த அச்சத்தை அவருக்குள் விதைத்தவர்கள் நாங்கள்தானே.

11 டிசம்பர், புதன்

நோட்டுகளை நிரப்பப் போவதில்லை. பதினெட்டுப் பேருக்கும் என் குறிப்புகளிலிருந்து ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறேன். ஒன்பது முடிந்திருக்கிறது. அவனுடைய பக்கத்தை இன்னும் தொடவில்லை. அவன் மறைத்து வைத்திருப்பதை ஒரு கூட்டத்தின் நடுவில் நான் எப்படி எடுத்துக் காட்டுவேன்?

12 டிசம்பர், வியாழன்

கிறிஸ்துமஸ் விழா மேடைக்கு இடம் வேண்டுமென்று, நாளைக் காலை மணல் தொட்டியை வெட்டி நிரவ ஆட்கள் வருகிறார்களாம். மாலை ஆறு மணிக்குத்தான் என்னிடம் சொன்னார்கள். ஐயாவின் தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. அவன் வேன் எட்டே காலுக்கு வரும். ஆட்கள் எட்டுக்கு. நான் ஏழரைக்குள் அங்கே இருக்க வேண்டும்.