மியூனிக்கில் 34 யூரோ தண்டம், ஆனால் ஆமையைப் பார்த்துவிட்டேன்

நேற்று ராத்திரிதான் அறைக்குத் திரும்பினேன், டாக்சிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஜெர்மன் சிறுவர் எழுத்தாளர் மிகாயேல் எண்டே தொடர்பான இடங்களைப் பார்க்கக் கணக்குப் போட்டுத்தான் கிளம்பியிருந்தேன்: மாநிலம் முழுதுக்குமான பாவேரியா டிக்கெட் ஒன்று எடுத்தால் வட்டார ரயில், பஸ், மெட்ரோ எல்லாவற்றிலும் நாள் முழுக்கச் சுற்றலாம். வார நாளில் காலை 9 மணிக்கு முன்னால் மட்டும் செல்லாது.

முதலில் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன். மிகாயேல் எண்டே 1929இல் பிறந்த ஊர். அங்குள்ள பூங்காவுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

புளூட்டன்பர்க் கோட்டைதான் அன்றைய விருந்து. மியூனிக்கின் மேற்கு ஓரத்தில் குளமும் வாத்துகளுமாகக் கைக்கு அடக்கமான கோட்டை, உள்ளே சர்வதேச இளைஞர் நூலகம். நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் போன யெல்லா லெப்மன் என்ற யூதப் பெண், போருக்குப் பின் திரும்பி வந்து 1949இல் தொடங்கியது. அதில்தான் எண்டேயின் அருங்காட்சியகம். அவருடைய அப்பா எட்கர் ஒரு சர்ரியலிச ஓவியர், ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கவே நாஜிகள் தடை போட்டார்கள். விசித்திரமான உருவங்கள் நிறைந்த அந்தப் படங்களைப் பார்த்தால், இவற்றுக்கு நடுவில் வளர்ந்த பையன் வேறு எதை எழுதியிருப்பான் என்று தோன்றுகிறது!

எனக்கு ரொம்பப் பிடித்தது வாடகைக் கதை. பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பிய எண்டேயின் 'ஜிம் க்னோப்' நாவல் ஒருவழியாக 1960இல் வந்தது. அதற்கு ஜெர்மன் சிறுவர் இலக்கிய விருது என்று செய்தி வந்த நாளில், ஏழு மாத வாடகை பாக்கிக்காக வீட்டுக்கார அம்மா அவர் மேல் வழக்குப் போட்டிருந்தாராம். பிறகு இத்தாலிக்குக் குடிபோய் 1973இல் 'மோமோ', 1979இல் 'முடிவில்லாக் கதை' என்று உலகப் புகழ். 'முடிவில்லாக் கதை'யை வைத்து 1984இல் வந்த படம் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காமல், தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். படம் எடுத்த ஸ்டுடியோவில் அந்தக் கதையில் வரும் ஃபூஹூர் என்ற டிராகன் மேல் ஏறி உட்காரலாம், ஆனால் டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, அவருக்குப் பிடிக்காத படம்தானே என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அங்கேயே நேரம் போய்விட்டது. எண்டேயைப் புதைத்த வால்ட்ஃபிரீட்ஹோஃப் கல்லறைத் தோட்டம் மூடிவிடுமே என்ற பதற்றத்தில் டாக்சி பிடித்தேன். அந்த மனிதர் ஊரைச் சுற்றிக் காட்டி 34 யூரோ தீட்டிவிட்டார். நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லியே மனிதர்களின் நேரத்தைத் திருடும் சாம்பல் நிற ஆசாமிகள்தான் 'மோமோ'வின் வில்லன்கள். அதைப் படித்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

தோட்டம் பெரிய காடு. இரண்டு தடவை வழி தவறி, ஒரு பாட்டி கை காட்டிய பிறகுதான் கிடைத்தது. 1995இல் இறந்தவருக்குத் திறந்த புத்தக வடிவத்தில் பெரிய வெண்கலக் கல்லறை, கூடவே மோமோவின் ஆமை கசியோப்பேயா. பத்து நிமிடம் சும்மா நின்றேன்.

வெளியே வந்தால் வாசலிலேயே பஸ் நிறுத்தம். டிக்கெட் காலையிலிருந்து பையில்தான் இருந்தது.