வாசல்படியில் திருஷ்டிப் பூசணி

அக்டோபரில் நியூ ஜெர்சிக்கு வந்து இறங்கும் தமிழ்க் குடும்பம், முதல் மாலை நடையிலேயே ஓரிடத்தில் நின்றுவிடும். வீட்டுக்கு வீடு வாசல்படியில் பூசணிக்காய். சிலதுக்குக் கண், மூக்கு, கோரைப்பல். நம்மூரில் பாதி கட்டிய வீட்டுச் சாரத்தில் தொங்குமே, அதே முழி, அதே இளிப்பு. பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் பாட்டி கேட்கும் கேள்வியும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "இத்தனை வீட்டுக்குமா கண்ணு பட்டுருக்கு?"

சிரித்துவிட்டு நகர்ந்தாலும் பாட்டி கேட்டதில் பாதி நியாயம் உண்டு. இது அக்டோபர் 31இல் வரும் ஹாலோவீனுக்கான அலங்காரம்; அன்று மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். இங்கேயும் பூசணி கெட்டதை விரட்டத்தான் முதலில் வந்தது. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைப்பார்கள். பஞ்சத்துக்கும் பிழைப்புக்குமாக 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்தவர்களுக்கு இந்த மண்ணின் பூசணி கிடைத்தது. டர்னிப்பைவிடப் பெரிசு, குடைவதும் சுலபம். மாங்காய் கிடைக்காத ஊரில் கிரானி ஸ்மித் ஆப்பிளில் நாம் தொக்கு கிளறுவதில்லையா, அந்தக் கதைதான்.

நம் திருஷ்டிப் பூசணி வெள்ளை, உயரத்தில் தொங்கும். ஆயுத பூஜையன்று குங்குமம் அப்பி நடுரோட்டில் சிதறும், பின்னால் வரும் பைக் வழுக்கும், போலீசும் வருஷா வருஷம் வேண்டுகோள் விடும். இங்கே அதே மாதத்தில் மஞ்சள் பூசணி தரையில் உட்கார்ந்து, உள்ளே விளக்கெரிய இளித்துவிட்டு, மெல்ல அழுகுகிறது. பரங்கி, அரசாணி, சர்க்கரைப் பூசணி என்று ஊருக்கொரு பெயர் வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு இதுதான் தொண்டையில் மாட்டுகிறது. பிள்ளைகளுக்கு அந்த வருத்தமெல்லாம் கிடையாது. "நம்ம வீட்ல எப்போ வெட்றோம்?" என்பது மட்டும்தான் அவர்கள் கவலை.

வெட்டத்தான் வேண்டும். முதல் தடவை எல்லோரும் செய்யும் தப்பு, அக்டோபர் முதல் வாரத்திலேயே வெட்டிவிடுவது. முழுக்காய் மாதக்கணக்கில் நிற்கும். கத்தி பட்டபிறகு நான்கைந்து நாள், நல்ல குளிர் இருந்தால் ஒரு வாரம். அதனால் 31ஆம் தேதிக்கு மூன்று நாள் முன்னால் உட்காருவது போதும். பண்ணையில் பொறுக்கும்போது 10 முதல் 15 பவுண்டு வரை எடுங்கள். அதற்கு மேல் குடையக் குடையக் கை ஓய்ந்துவிடும். அடி தட்டையாக இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தோல் பள்ளமாகக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது. காம்பு ஒடிந்தால் அந்தக் காயத்தில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

மூடியை மேலே வெட்டுவதுதான் வழக்கம். ஆனால் மேல்பக்கம் காய்ந்து சுருங்கினால் மூடி உள்ளே விழுந்துவிடும். அடியில் வட்டமாக வெட்டிவிட்டு, விளக்கைத் தரையில் வைத்து அதன்மேல் காயைக் கவிழ்ப்பது மேல். மேலேதான் வெட்டுவேன் என்பவர்கள் கத்தியை 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் மூடி உட்கார ஒரு விளிம்பு கிடைக்கும். இதுவரை பெரியவர் வேலை.

நாரையும் விதையையும் வழிப்பது பிள்ளைகள் வேலை. கை வைக்க அருவருக்கிறவர்களுக்கு ஐஸ்கிரீம் கரண்டி. முகம் வரும் பக்கத்துச் சதையை ஓர் அங்குலக் கனம் மட்டும் மிஞ்சும்வரை சுரண்டுங்கள். பலரும் விடுவது இதைத்தான். சதை கனமாக இருந்தால் வெளிச்சமும் வராது, ரம்பமும் நகராது. படத்தைத் தாளில் வரைந்து ஒட்டி, கோட்டின்மேல் ஊசியால் கால் அங்குலத்துக்கு ஒரு புள்ளி குத்துங்கள். ஈரமாவில் புள்ளிக்கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சொல்லித்தர வேண்டாம். வெட்டுவதற்குச் சமையலறைக் கத்தி வேண்டாம், வழுக்கிக் கையில் இறங்கும். கடையில் விற்கும் மெல்லிய பல்லுள்ள சின்ன ரம்பமே போதும். கண், மூக்கு போன்ற சின்னதை முதலிலும் வாயைக் கடைசியிலும் வெட்டுங்கள். பெரிய ஓட்டை முதலில் விழுந்தால், அடுத்த வெட்டுக்கு அழுத்தும்போது பக்கச் சுவரே பிளக்கும்.

ஒரு கேலன் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து, வெட்டிய காயை இருபது நிமிடம் ஊறவைத்துக் காயவிட்டால் பூஞ்சை தள்ளிப்போகும். வெட்டுவாயில் வாசலின் தடவினால் ஈரம் போகாது. பகல் வெயில் படும் படியில் வைக்காதீர்கள். ராத்திரி கடுங்குளிர் என்றால் உள்ளே எடுத்துவிடுங்கள், உறைந்து இளகினால் கூழாகிவிடும். அடியில் அட்டை போடாவிட்டால் சிமென்ட்டில் ஆரஞ்சுக் கறை.

அப்புறம் அணில். ராமர் தடவிக்கொடுத்த மூன்று கோடு இல்லாத, பூனைக்குட்டி அளவுச் சாம்பல் அணில். ஒரே இரவில் மூக்கை வாயாக்கிவிடும். அதற்கு மருந்து நம் அலமாரியிலேயே இருக்கிறது. வெட்டுவாயைச் சுற்றி மிளகாய்த்தூள். காரம் அணிலுக்கு எரியும், பறவைக்கு உறைக்காது. மழை பெய்தால் மறுபடி தூவ வேண்டும். தூவிய கையோடு குழந்தை கண்ணைத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் நம் சமையலறையைப் பக்கத்து வீட்டார் தேடி வந்து யோசனை கேட்கும் ஒரே சந்தர்ப்பம் இது.

இத்தனை பாடுபட்டும் சாப்பிட முடியாது என்பதுதான் ஆறவில்லை. பிளீச்சில் முங்கியதையும், வெட்டி வெளியே வைத்ததையும் சமைக்கவே கூடாது. முகம் வெட்ட விற்கும் ரகம் வெட்டாமல் இருந்தாலும் தண்ணியும் நாரும்தான்; கூட்டு வைத்தால் சப்பென்று இருக்கும். கைமணம் போய்விட்டதோ என்று சந்தேகப்பட வேண்டாம், காயே வேறு. இந்த ஊர் வாசல் பூசணி குகர்பிட்டா பெப்போ இனம். நம்மூர்ப் பரங்கி பெரும்பாலும் குகர்பிட்டா மோஸ்கேட்டா. அதன் நெருங்கிய சொந்தம் சூப்பர் மார்க்கெட்டில், மணிபோல் இடுப்பு ஒடுங்கி, சந்தன நிறத்தில் கிடக்கும் பட்டர்நட் ஸ்குவாஷ். பரங்கியைத் தேடி இந்தியக் கடைக்கு நாற்பது நிமிடம் கார் ஓட்டுகிறவர்கள், அதைத் தாண்டித்தான் வருஷக்கணக்காக நடந்திருப்பார்கள்.

இரண்டு பவுண்டு பட்டர்நட், நான்கு பேருக்குப் புளிக்குழம்பு. தோலைச் சீவி ஓர் அங்குலத் துண்டாக்குங்கள். நல்லெண்ணெயில் தாளித்து வதக்கி, காயைப் புளித்தண்ணீரிலேயே வேகவிடுங்கள். புளிப்பு இருந்தால் காய் சீக்கிரம் குழையாது. பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கத்தி இறங்கும். வெல்லம் வழக்கத்தில் பாதி, காயே இனிப்பு. பால் கூட்டுக்கும் இதுதான் சரி, ஆனால் அங்கே புளி இல்லாததால் எட்டு நிமிடத்தில் பார்த்துவிடுங்கள். கிட்டத்தட்ட ஊர் ருசி வந்துவிடும். கிட்டத்தட்டதான். பொங்கலன்று பரங்கிக் கீற்று வாங்கக் கடைத்தெருவில் நின்றபோது, கடைக்காரர் அருவாளால் போடும் அந்த 'சதக்' இதில் வராது.

விதையையாவது காப்பாற்றலாம். முறத்தில் போட்டு மொட்டைமாடியில் உலர்த்த வெயில் ஏது? உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, துணியில் நன்றாகத் துடையுங்கள். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. ஒரு கப்புக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி, அவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருபது, இருபத்தைந்து நிமிடம். மிளகாய்த்தூளும் பெருங்காயமும் கடைசி ஐந்து நிமிடத்தில்தான். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும்.

31ஆம் தேதி மாலை ஆறு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். குளிர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இறங்கலாம். வேஷத்துக்கு மேல் ஜாக்கெட் போடச் சொன்னால் வீட்டில் போர். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி ஜாக்கெட்டை உள்ளே போட்டுவிடுங்கள். சூப்பர் ஹீரோவுக்கு இலவசமாகத் தோள் கிடைக்கும். காசு வேண்டாம் என்றால் தாத்தாவின் பழைய நாலு முழ வேட்டியே பேய். உள்ளே ஒரு தொப்பியைத் தைத்துவிட்டால் கண் ஓட்டை நகராது. கணுக்காலுக்கு மேலே வெட்டுங்கள், தடுக்காது. தொலைபேசியில் பாட்டி "நல்ல நாளும் அதுவுமா வெள்ளைத் துணியைத் தலையில போட்டுக்கிட்டு" என்பதற்கு மட்டும் தீர்வு இல்லை.

வாசல் விளக்கு எரியும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அணைந்திருந்தால் தாண்டிவிட வேண்டும். நம் வீட்டுக்கு வரும் பிள்ளைகளை "உள்ளே வாங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் பின்னால் நிற்கும் அப்பா முகம் மாறும். ஆளுக்கு இரண்டு மிட்டாய் போதும். நம் கைக்கு அள்ளிப் போட்டுத்தான் பழக்கம். அப்படிப் போட்டால் ஏழு மணிக்குத் தீர்ந்து, விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

வீட்டில் செய்தது எதையும் கொடுக்காதீர்கள். முறுக்கு, அதிரசம், எள்ளுருண்டை எதுவும். உறை பிரிக்காத கடைச்சரக்கு இல்லையென்றால் வீடு போனதும் குப்பையில் போடுவார்கள். சொல்லிவைத்தாலும் இது சுருக்கென்று குத்தும். "கடையில வாங்கினதா?" என்று கேட்டு உதட்டைப் பிதுக்கும் ஊரிலிருந்து, கடையில் வாங்கியதை மட்டும் நம்பும் ஊருக்கு வந்திருக்கிறோம். கொஞ்ச நாளைக்கு முன்புதான் நவராத்திரி போயிருக்கும். கொலு வைத்த வீடாகப் படியேறி, "ஒரு பாட்டு பாடினாத்தான் சுண்டல்" என்ற மாமிக்காகப் பாதிப் பாட்டைப் பாடி, தொன்னையில் கடலைச் சுண்டல் வாங்கி, அடுத்த வீட்டில் பட்டாணியா என்று விசாரித்துக்கொண்டு ஓடியதும் இதே வேலைதான். அங்கே வேஷம் கிடையாது, பாவாடை சட்டைதான். இங்கே அதே பட்டுப்பாவாடையில் போய் நின்றால் "என்ன அழகான இளவரசி வேஷம்!" என்று ஒரு மிட்டாய் கூடப் போடுவார்கள்.

பையைக் கொட்டியதும் சைவ வீடுகளுக்கு அடுத்த வேலை. ஸ்டார்பர்ஸ்ட்டிலும் கேண்டி கார்னிலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு, ஸ்கிட்டில்ஸில் இல்லை. ஸ்னிக்கர்ஸில் முட்டை வெள்ளைக்கரு. குட்டிப் பொட்டலங்களில் பெரும்பாலும் உள்ளடக்கம் அச்சிட்டிருக்காது, பெரிய பையின் முதுகில்தான் இருக்கும். நிலக்கடலை ஒவ்வாத பிள்ளை என்றால் குட்டி அளவின் செய்முறை பெரிய அளவிலிருந்து மாறலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பச்சை கலந்த நீலத்தில் சாயம் பூசிய பூசணி எந்த வாசலிலாவது தெரிந்தால், அங்கே தின்பண்டம் அல்லாத சின்னப் பொருள்களும் கிடைக்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக 2014இல் நாடு முழுக்கப் பரவிய வழக்கம் அது.

2024இல் தீபாவளியும் 31ஆம் தேதியே வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல், மாலையில் எலும்புக்கூடு. லேகியம் அன்றுபோல் என்றும் தேவைப்பட்டதில்லை. இந்த மாநிலத்தில் 2017 முதல் கம்பி மத்தாப்பு கொளுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வேஷத்தோடு வேண்டவே வேண்டாம். பாலியெஸ்டர் பற்றினால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திக்கு மாற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

இலையுதிர்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சருகுக் குவியலில் பிள்ளைகள் குதிக்கட்டும், ஆனால் அக்டோபர், நவம்பரிலும் மான் உண்ணி உயிரோடுதான் இருக்கும். லைம் நோய் என்ற தொற்று அது கடித்துத்தான் பரவுகிறது. உள்ளே வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின், தலைமுடி பாருங்கள். உடையைத் துவைக்கும் முன் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் உண்ணி சாகும். நல்ல இலைகளைச் செய்தித்தாளுக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்கள் ஏற்றி ஒரு வாரம் விட்டால் நிறம் நிற்கும். மிச்சச் சருகைப் பழுப்புக் காகிதப் பையில் கட்டித் தெருவோரம் வைக்க வேண்டும், எரிக்கக் கூடாது. வாசல் கூட்டி, ஓரமாகக் குவித்து, தீக்குச்சி கிழித்துவிட்டுக் காபி குடிக்கப் போகும் அந்தப் புகை மணத்துக்கு இந்த ஊரில் தடை.

நவம்பர் முதல் வாரம் பூசணியின் முகம் பல் விழுந்த கிழவராகிவிடும். அப்போதே எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு நாள் விட்டால் மண்வாரியால் வழிக்க வேண்டும். பிளீச் படாததைத் தோட்டத்தில் ஓரடிக் குழியில் புதைத்து மண் மூடுங்கள். தவறவிட்ட விதை ஒன்றிரண்டு மே மாதம் முளைக்கும். வேலிப்பக்கம் படரவிட்டால் ஜூலையில் விடிகாலையில் பூக்கும், மதியத்துக்குள் வாடிவிடும். பறித்துக் கோல நடுவில் வைக்கலாம் என்று கை போகும். மார்கழிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கும். அது வரும்போது வாசலில் பனி கிடக்கும்.