நட்டாலம் முதல் கோட்டாறு வரை: தேவசகாயம் நடந்த வழி

புனித தேவசகாயத்தைத் தேடி வரும் வண்டிகள் பெரும்பாலும் நேரே ஆரல்வாய்மொழி காற்றாடிமலைக்குத்தான் போகின்றன. கிறிஸ்தவ விசுவாசத்தை விட மறுத்ததால் 1752 ஜனவரி 14-ஆம் தேதி அவர் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. பாறையருகே மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டி அந்த வெண்கல ஓசையைக் கேட்கிறார்கள், ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த மறைசாட்சியை வணங்க வந்தவர்களுக்கு அது போதும். ஆனால் கிறிஸ்துவை இனிமேல்தான் அறிய வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை உதயகிரிக் கோட்டையும் வடக்கன்குளமும். நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அதிகாரி தேவசகாயம் ஆனது அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான்.

அவர் வாழ்க்கை போன வரிசையிலேயே பாதையும் அமைந்திருப்பது நல்வாய்ப்பு. மார்த்தாண்டம் பக்கத்து நட்டாலத்தில் தொடங்கி, புலியூர்க்குறிச்சி, நாகர்கோவில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வடக்கன்குளம் போய், திரும்பும்போது காற்றாடிமலை ஏறி, கோட்டாறில் முடிக்கலாம். கார் இருந்தால் ஒரே நாளில் முடியும். பேருந்து என்றால் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, இரவு நாகர்கோவிலில் தங்குங்கள். ஜனவரி 14 திருநாள் பொங்கலோடு சேர்ந்து வருவதால் அப்போது பேருந்தில் இடம் கிடைப்பதே பாடு. ஜெபிக்க வேண்டும் என்றால் வேறு மாதம் பாருங்கள். ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மெழுகுவர்த்தியை நிற்க விடாது. கண்ணாடிக் கூடு வைத்த விளக்கு கொண்டுபோங்கள்.

நட்டாலத்தில் அவர் 1712-இல் பிறந்தார். ஊரைப் பார்த்து, சற்று நேரம் ஜெபித்துவிட்டுக் கிளம்பலாம்.

உதயகிரிக் கோட்டை நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையிலேயே இருக்கிறது. இப்போது அது வனத்துறைப் பூங்கா. சீட்டு எடுத்து உள்ளே போனால் மான் பார்க்க வந்த குடும்பங்களின் சத்தம் கேட்கும். அதைத் தாண்டி மரங்களுக்கு நடுவே கூரையில்லாத சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. அதற்குள் டிலனாய் கல்லறை. கல்லில் லத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் இவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-இல் இங்கேயே இறந்தார்.

நீலகண்ட பிள்ளை குடும்பத்தில் அடுக்கடுக்காக இழப்புகள் வந்து மனம் ஒடிந்திருந்தபோது, டிலனாய் அவரிடம் தர்க்கம் பேசவில்லை. விவிலியத்தின் யோபு நூலில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்த ஒருவன் கடவுளை விட்டு ஓடாமல், அவரிடமே முறையிட்டு, கோபித்து, வழக்காடிய கதை அது. கடவுளோடு நேருக்கு நேர் பேசும் பழக்கம் ஒருவருக்கு எப்படித் தொடங்கும் என்று கேட்டால், இந்த நூலைத்தான் கையில் கொடுக்க வேண்டும். கல்லறை அருகே உட்கார்ந்து யோபு 1, 2, 19, 38, 42 அதிகாரங்களை நிதானமாக வாசியுங்கள். அரை மணி நேரம் ஆகும். கடைசி அதிகாரத்தில் யோபு, இதுவரை உம்மைப் பற்றிக் காதால் கேட்டேன், இப்போது கண்ணால் காண்கிறேன் என்ற கருத்தில் பேசுவார். அந்த இடத்தில் நிறுத்தி, உங்கள் நெஞ்சில் கிடப்பதை உங்கள் வீட்டுப் பேச்சிலேயே அவரிடம் சொல்லுங்கள். ஜெபப் புத்தகத்துத் தமிழ் தேவையில்லை. பலருக்கும் ஜெபம் பாதியில் நின்றுபோவதற்குக் காரணம், வாயில் வராத சொற்களால் பேச முயல்வதுதான்.

பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. பிற்காலத்தில் கைதியாக இழுத்துச் செல்லப்பட்ட தேவசகாயம் தாகத்தில் தவித்து முழங்கையால் இடித்ததும் நீர் ஊறியது என்பது மக்கள் நம்பிக்கை. சின்னக் குழியில் இருந்து நீரை முகர்ந்து கொடுப்பார்கள். வரிசை மெதுவாகத்தான் நகரும், நெருக்க வேண்டாம்.

வடக்கன்குளம் அன்று திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் இருந்தது. அரண்மனை அதிகாரி ஒருவருக்கு எல்லைக்குள் ஞானஸ்நானம் கொடுப்பது ஆபத்து என்பதால்தான் டிலனாய் அவரை இங்கிருந்த சேசு சபைக் குரு பூத்தாரி அடிகளாரிடம் அனுப்பினார். அடிகளார் அவசரப்படவில்லை. உறுதியைச் சோதித்து, மறைக்கல்வி கொடுத்து, 1745 மே 14-இல் லாசர் என்று பெயரிட்டார். கடவுளின் உதவி என்று பொருள்படும் அந்தப் பெயரைத்தான் நாம் தேவசகாயம் என்கிறோம். மனைவி பார்கவி அம்மாளும் பின்னர் ஞானப்பூ என்ற பெயரில் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெற்றார். இப்போது நிற்கும் திருக்குடும்ப ஆலயம் பிற்காலத்தது. அதற்குள் சாதி பிரித்து எழுப்பிய சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதே தேவசகாயத்தின் மேல் சுமத்திய குற்றங்களில் ஒன்று. அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே அப்படி ஒரு சுவர் நின்றது நெஞ்சைச் சுடுகிறது. ஆலயத்தில் முழந்தாளிடுகிறவர் அதையும் சேர்த்து ஜெபிக்க வேண்டும்.

இந்த ஊரில் வைத்துத்தான் பலர், நாளைக்கே எனக்கு ஞானஸ்நானம் கிடைக்குமா என்று கேட்பார்கள். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. கத்தோலிக்கத் திருச்சபை வளர்ந்தவரிடம் மூன்றைக் கேட்கிறது: தானே விரும்பி வர வேண்டும், விசுவாசத்தைக் கற்றிருக்க வேண்டும், தன் பாவங்களுக்காக மனம் வருந்த வேண்டும். உங்கள் ஊர்ப் பங்குத்தந்தையிடம் பேசி, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரிடம் கற்கத் தொடங்குங்கள். மாதக் கணக்கில் ஆகும். பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர் சேர்ப்பார்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் ஆயத்தச் சடங்குகள் உண்டு. பாஸ்கா இரவில் தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றி, வெள்ளை ஆடை போர்த்தி, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுவர்த்தியைக் கையில் தருவார்கள். வளர்ந்தவருக்கு, தூய ஆவியின் அருளைப் பெறும் உறுதிபூசுதலும், கிறிஸ்துவின் உடலாக அப்பத்தைப் பெறும் முதல் நற்கருணையும் அன்றே. திருமுழுக்கில் உங்களுக்குத் துணை நிற்கும் ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை பொதுவாகப் பதினாறு வயது நிறைந்த, உறுதிபூசுதல் பெற்ற கத்தோலிக்கராக இருக்க வேண்டும், பெற்றோராக இருக்கக் கூடாது. அதுவரை திருப்பலிக்கு வரலாம், நற்கருணை வரிசையில் மட்டும் சேராமல் இருக்கையிலேயே ஜெபியுங்கள். தெரியாமல் கையை நீட்டி, பிறகு கூச்சப்பட்டுக் கோவில் பக்கமே வராமல் போனவர்கள் உண்டு.

கல்யாணத்துக்காக அவசரமாக முழுக்குப் பெற்றவர்களின் ஜெபம் பெரும்பாலும் தாலி கட்டியதோடு நின்றுவிடுகிறது. வீட்டாரிடம் மறைத்துப் பெறுவதும் நல்லதல்ல. வரும் எதிர்ப்பை முதல் நாளே சந்திப்பது மேல். சான்றிதழ் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும்: பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் கிறிஸ்தவரானால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி அந்த இடஒதுக்கீடு போய்விடும். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். குருவே இதை முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

காற்றாடிமலையை வெயில் ஏறுமுன் ஏறுங்கள். அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம் இருக்கிறது. கைதான 1749 முதல் எருமை மேல் ஏற்றி, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துச் சென்றும் அவர் மறுதலிக்கவில்லை. இங்கே சுடப்படுவதற்கு முன்பு அவர் கேட்டது ஜெபிக்கச் சற்று நேரம் மட்டுமே என்கிறது மரபு. ஏழு வருடத்துக்கு முன் இதே கணவாயைத் தாண்டிக் கற்றுக்கொண்ட ஜெபம் அது.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. 2012 டிசம்பர் 2-இல் நாகர்கோவிலில், புனிதர் நிலைக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவராகவும், 2022 மே 15-இல் வத்திக்கானில் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை நடக்கும் நாட்களில் கல்லறையருகே நிற்கக்கூட இடமிருக்காது. மற்ற நாட்களில் மாலைத் திருப்பலிக்கு முன்பே போய்விடுங்கள். திருப்பலி முடிந்ததும் குருவிடம் உங்கள் விருப்பத்தைச் சொன்னால், உங்கள் ஊர் எந்தப் பங்கில் வருகிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, வீடு போய்ச் சேர்ந்த வாரமே அவரைப் போய்ப் பாருங்கள்.