ஃபார்மட் செய்வதற்கு முன்

மதர்போர்டை மாற்றிய பிறகு கணினி விண்டோஸுக்குள் நுழைய மறுத்தால், எங்கள் தொழிலில் பலர் உடனே சொல்வது, "ஃபார்மட் செய்துவிடலாம்." கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பழுதானது போர்டு. ஹார்டு டிஸ்க்கில் இருப்பதோ வாடிக்கையாளரின் பல வருட உழைப்பு.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருந்த பத்திர எழுத்தர் ஒருவரின் கணினி அப்படித்தான் என் மேசைக்கு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. பிராசஸரைச் சுற்றியிருந்த கெபாசிட்டர்களின் தலை உப்பி, பழுப்புக் கசிவு காய்ந்து படிந்ததால் பழைய போர்டைக் கழற்றி, வேறு சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து இயக்கும் சிப்கள்) கொண்ட போர்டை யாரோ மாட்டியிருந்தார்கள். ஆன் செய்தால் விண்டோஸ் சின்னம் வரும், அடியில் பட்டை ஓடும், நீலத் திரை மின்னி மறையும், மறுபடி முதலிலிருந்து.

"எது போனாலும் போகட்டும் தம்பி, என் தமிழ் எழுத்து போய்விடக் கூடாது" என்றார். அவர் பத்திரங்களைத் தட்டச்சு செய்தது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருந்த, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அந்த மென்பொருளின் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. ஃபைல்களை மட்டும் காப்பாற்றி ஃபார்மட் செய்திருந்தால், கிரயப் பத்திரங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் திறந்திருக்கும்.

முதல் வேலை அந்த நீலத் திரையை நிறுத்திப் படிப்பது. எக்ஸ்பி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். எஃப்8 அழுத்தி, அதைத் தடுக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் திரை அப்படியே நிற்கும். எண் 7பி என்று முடிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. விண்டோஸ் கிளம்பும்போது ஆரம்பத்தில் டிஸ்க்கைப் படித்துக் கொடுப்பது, போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ். விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் ஓடத் தொடங்கியதும், வன்பொருளோடு பேசும் தன் சொந்த டிரைவரைக் கொண்டு டிஸ்க்கைத் தேடும். அதற்குத் தெரிந்தது பழைய போர்டில் டிஸ்க்கை இயக்கிய கண்ட்ரோலர் மட்டுமே. எந்த டிஸ்க்கிலிருந்து தான் வந்ததோ, அதையே காணாமல் நின்றுவிடுகிறது. சின்னம் வரை வந்திருப்பதால் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும்.

சில கணினிகளில் பயாஸுக்குள் போய் சாட்டா அமைப்பை, அதாவது டிஸ்க்கோடு போர்டு பேசும் முறையை, புதிய ஏஹெச்சிஐ-யிலிருந்து எக்ஸ்பிக்குத் தெரிந்த பழைய ஐடிஇ-க்கு மாற்றினாலே போதும். இதில் அது போதவில்லை. டிஸ்க்கை வேறு கணினியில் இணைத்து முழுப் பிரதி எடுத்துவிட்டு, எக்ஸ்பி சிடியைப் போட்டேன். முதல் திரையிலேயே 'ஆர்' அழுத்தச் சொல்லும் ரிப்பேர் வேறு. அது கட்டளைகளைத் தட்டச்சு செய்து சரிசெய்யும் ரெக்கவரி கன்சோல். அதைத் தாண்டி என்டர், பிறகு எஃப்8. ஏற்கெனவே உள்ள விண்டோஸைக் காட்டி மறுபடி 'ஆர்' கேட்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. அங்கே அழுத்தினால் புதிய போர்டுக்கு ஏற்ற டிரைவர்களோடு விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். மென்பொருளும் எழுத்துருவும் இருந்த இடத்தில் இருக்கும். அவர் உட்கார்ந்து பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து, சொத்து விவரம் வரைக்கும் வரி வரியாகப் படித்துப் பார்த்த பிறகே பையை எடுத்தார்.

விண்டோஸ் 10 வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. பெரும்பாலும் புதிய போர்டை அதுவே அடையாளம் கண்டுகொள்கிறது. லினக்ஸ் அதைவிடத் தாராளம். இப்போதைய சிக்கல்கள் வேறு. எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட விண்டோஸ் டிஸ்க், பயாஸின் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ மட்டுமே உள்ள போர்டில் பூட் ஆகாது. இதற்கு, டிஸ்க்கைப் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றும், மைக்ரோசாஃப்ட் 2017-இல் தந்த எம்பிஆர்2ஜிபிடி கருவி உண்டு.

எனக்கு உண்மையில் பயம் தருவது, டிஸ்க்கில் உள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர். டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் ரகசியம் பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் இருக்கிறது. போர்டு மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது. பல வீட்டு லேப்டாப்களில் உரிமையாளருக்கே தெரியாமல் இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கிறது. சாவி பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எனவே ஒரு திருகைக் கழற்றுவதற்கு முன்பே, கடையில் அவரை உட்கார வைத்து, அந்தக் கணக்கைத் திறந்து சாவியை எழுதி வாங்கிவிடுகிறேன். சாவி கிடைக்காதவர்களிடம் புதிய போர்டு வேண்டாம், பழையதையே சிப் அளவில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிடுகிறேன். அந்த போர்டு மறுபடி உயிர் பெற்றால், டிஸ்க்கும் திறக்க வாய்ப்பு உண்டு.