லாட்ஜ் அறை, ஹெட்போன், மே மாதம்

மே 1

வேலூரில் லாட்ஜ் அறை கிடைத்துவிட்டது. மூன்றாவது மாடி. கீழே பெங்காலி மெஸ், கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை படிக்கட்டு முழுக்க. ஸ்டவ், குக்கர், இரண்டு தட்டு வாடகைக்கு எடுத்தாயிற்று. ஆஸ்பத்திரியில் அம்மாவோடு பகலில் அக்கா, ராத்திரி நான். ஹெட்போன் பையில் இருக்கிறது.

மே 2

டூல் என்கிற அமெரிக்க ராக் பேண்டின் 'டென் தவுசண்ட் டேஸ்' (பத்தாயிரம் நாள்) ஆல்பம் அமெரிக்காவில் வெளியானது 2006இல் இதே தேதி. காலையிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது.

டூலின் பாடகன் மேனார்ட் ஜேம்ஸ் கீனனின் அம்மா பெயர் ஜூடித் மேரி. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அவளுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து உடம்பு விழுந்துவிட்டது. 27 வருஷம் அப்படியே இருந்து, 2003இல் போனாள். 27 வருஷத்தை நாளாக்கினால் பத்தாயிரத்தை ஒட்டி வரும். ஆல்பத்தின் பெயர் அங்கிருந்து வந்தது.

2000இல் எ பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்ற இன்னொரு பேண்டில் அவன் பாடிய 'ஜூடித்' பாட்டும் இதே அம்மாவைப் பற்றித்தான். அதில் அத்தனை கோபம். இப்படிப் படுக்க வைத்த கடவுளையே இன்னும் கும்பிடுகிறாயே என்று பெற்றவளிடம் கத்துகிறான். ஆறு வருஷம் கழித்து, அவள் போன பிறகு, அதே நம்பிக்கைக்கு முன்னால் தலை குனிந்து பாடுகிறான். ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு, பதினோரு நிமிஷத்துக்கு மேல் போகும். மழையும் இடியும் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்க, ஜஸ்டின் சான்சலரின் பேஸ் கிட்டார் அவசரமே இல்லாமல் நடக்கும். டிரம்மர் டேனி கேரி ரொம்ப நேரம் கையை அடக்கி வைத்திருந்து கடைசியில்தான் முழுசாக இறங்குவார். ஹார்ட் ராக் என்றால் முதல் விநாடியிலேயே இடி என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டின் முதல் ஐந்து நிமிஷத்தைக் கேட்க வேண்டும். இவ்வளவு பொறுமை வேறு எந்த இசையில் இருக்கிறது?

அம்மா தலையணைக்கு அடியில் கெங்கையம்மன் படம் வைத்திருக்கிறாள். நர்ஸ் துணி மாற்றும்போதெல்லாம் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வைக்கிறாள். 'ஜூடித்' கேட்க இப்போது எனக்கு முடியாது. மற்றதைக் கேட்க முடிகிறது.

27 வருஷம். ஒரு வீட்டில் அதை எப்படிச் சமாளித்தார்கள்? யார் குளிப்பாட்டினார்கள், ராத்திரி யார் விழித்திருந்தார்கள்? எந்தப் பேட்டியிலும் நான் தேடுவது இதைத்தான்.

மே 3

ரிப்போர்ட் வரவில்லை.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. கோட்டை அகழிப் பக்கம் நடந்தேன், தண்ணீர் பக்கத்தில் இருந்தும் காற்று சுடுகிறது. வேலூர் வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது.

ராத்திரி காத்திருப்போர் பெஞ்சில் ஆலிஸ் இன் செயின்ஸ் பேண்டின் 'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்'. ஏழே பாட்டு. 1993 செப்டம்பரில் சியாட்டில் ஸ்டூடியோ ஒன்றில் ஒரே வாரத்தில் எழுதிப் பதிவு செய்தார்கள். 1994 ஜனவரியில் வந்ததும் பில்போர்ட் பட்டியலில் நேராக முதலிடம். அதற்கு முன் எந்த இ.பி.யும் (ஆல்பத்தைவிடச் சின்ன இசைத்தட்டு) அப்படி நுழைந்ததில்லை. 'டர்ட்' மாதிரி ஒரு கனமான ஆல்பத்தைப் போட்டவர்கள், அடுத்த வருஷமே ஆம்ப்பை அணைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்தார்கள். ஆனாலும் கனம் குறையவில்லை. ஏனென்றால் அந்தக் கனம் கிட்டாரில் இல்லை, லேன் ஸ்டேலி, ஜெர்ரி கான்ட்ரெல் இருவரின் குரலும் சேர்கிற இடத்தில் இருக்கிறது. எது மேல் குரல், எது கீழ் என்று பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு வரும். ராத்திரி இரண்டு மணிக்கு, சத்தத்தைக் குறைத்து வைத்து, இதைத்தான் கேட்க முடியும்.

மே 6

லாட்ஜ் மாடியில் துணி காயப் போடும்போது ஒரு பையன். கறுப்பு டி-ஷர்ட்டில் ஆலிஸ் இன் செயின்ஸ் என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் அதைக் கேட்டேன்! ஷில்லாங்கிலிருந்து அவனுடைய அக்காவுக்காக வந்திருக்கிறான். எனக்கு இந்தி வராது, அவனுக்குத் தமிழ் வராது, இருவர் இங்கிலீஷும் போதும் போதாததுமாக இருந்தது. ஆனால் ஒரு மணி நேரம் பேசினோம்.

அவன் ஊரில் லூ மஜாவ் என்று ஒருவர், 1972இலிருந்து மே 24 ஆனால் பாப் டிலன் பிறந்தநாளுக்குக் கச்சேரி வைக்கிறார். ராக் அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை என்றான். சர்ச்சில் பாடுகிற பையனே சாயங்காலம் பேண்டிலும் வாசிப்பானாம். குடியாத்தத்தில் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்ட வருஷங்கள் ஞாபகம் வந்தன.

நான் ஆடியோஸ்லேவைச் சொன்னேன். 2005இல் இதே மே 6, ஹவானாவில் வாசித்தார்கள். க்யூபாவில் திறந்தவெளிக் கச்சேரி நடத்திய முதல் அமெரிக்க ராக் பேண்ட். அவனுக்கு அது தெரிந்திருந்தது. இப்படி ஒருவனிடம் பேசி எவ்வளவு காலமாகிறது.

அவன் அக்கா என் அம்மாவுக்கு இரண்டு ஆப்பிள் கொடுத்தனுப்பினார்.

மே 8

பெரியம்மா வந்து பார்த்துவிட்டுப் போனார். போகும்போது, "பெத்தவ இந்த நிலைமைல படுத்திருக்கா, காதுல இன்னாத்துக்குடா பாட்டு?"

பதில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை. பேர்ல் ஜாம் பேண்டின் முதல் ஆல்பம் 'டென்'னைத் தாங்கி நிற்பது அதன் பாடகர் எட்டி வெட்டரின் வீட்டுத் துயரம்தான்: அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை, பெற்ற அப்பா ஏற்கெனவே செத்துப்போயிருந்தார். நிர்வாணா பேண்ட் 1993 நவம்பரில் எம்.டி.வி. அன்ப்ளக்டு நிகழ்ச்சிக்கு மேடை முழுக்க லில்லிப்பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கச் சொல்லி உட்கார்ந்தது. சாவு, நோய், பெற்றவர் பிள்ளை உறவு, இவற்றை நேருக்கு நேர் பார்த்துப் பாடியவர்கள் இவர்கள். இந்த நேரத்தில் கேட்காமல் வேறு எப்போது கேட்பது? ஒப்பாரி வைக்கத் தெரிந்த பெரியம்மாவுக்கு இது புரியாது என்று எனக்குத் தோன்றவில்லை. சாவகாசமாக ஒருநாள் சொல்ல வேண்டும்.

மே 9

ரிப்போர்ட் வந்தது. அக்கா படித்தாள். நான் படிக்கவில்லை.

மே 11

மாமா வந்தார். குடியாத்தத்திலிருந்து முதல் பஸ். ஊரில் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, அவர் பம்பைக்குப் புதுத் தோல் கட்டியாகிவிட்டதாம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

டீக்கடையில் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். டூலின் 'ஸ்கிஸம்' ஓடிக்கொண்டிருந்தது. முதலில் முகத்தைச் சுளித்தார். அப்புறம் விரல் மேஜையில் தட்டத் தொடங்கியது. ஒரு இடத்தில் தவறி, நிறுத்தி, மறுபடி பிடித்தார்.

"இன்னாடா இவன் எட்டுல வரமாட்டேன்றான். அஞ்சும் ஏழும் மாத்தி மாத்திப் போடறான்."

அப்படியே! தக தகிட, தகதிமி தகிட. அந்த ரிஃப் ஐந்தும் ஏழுமாகத்தான் ஓடுகிறது. இணையத்தில் கிட்டார் பாடம் பார்த்து எனக்கு ஒரு வாரம் பிடித்த விஷயம், மாமாவுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம். டேனி கேரி தபலா கற்றவர் என்று சொன்னேன். "அதானே பார்த்தேன்" என்றார். 'ஸ்பூன்மேன்' போட்டேன். சியாட்டில் தெருவில் கரண்டி வாசித்துப் பிழைத்த ஆர்ட்டிஸ் என்ற கலைஞரைப் பற்றி சவுண்ட்கார்டன் என்ற பேண்ட் போட்ட பாட்டு, அவரே அதில் கரண்டி வாசித்திருக்கிறார். "இது ஏழு" என்றார் உடனே. அப்புறம் கண்ணை மூடிக் கடைசி வரை கேட்டார்.

"பாட்டு எனக்குப் புடிக்கலடா மாப்ள. ஆனா மத்தளக்காரன் கெட்டிக்காரன்."

மே 12

தூங்கினேன்.

மே 13

லாங் பஜார் பக்கம் போனபோது பழைய ரெக்கார்டிங் கடை இருந்த இடத்தைப் பார்த்தேன். இப்போது போன் கவர் விற்கிறார்கள். கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் கொண்டுவரும் கேசட்டிலிருந்து கடைக்காரர் டி.டி.கே. 90 காலி கேசட்டில் ஏற்றித் தருவார். ஒரு பக்கம் சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்நோன்', மறுபக்கம் 'டர்ட்'. இரண்டுமே ஒரு பக்கத்தில் அடங்காத நீளம், கடைசிப் பாட்டுகள் அறுந்துபோயிருக்கும். 'லைக் சூசைட்' என்று ஒரு பாட்டு இருப்பதே வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அம்மாதான் காசு கொடுப்பாள். என்ன பாட்டு என்று கேட்டதே இல்லை.

மே 15

வைகாசி 1. ஊரில் சிரசு. எனக்கு நினைவு தெரிந்து அம்மா போகாத வருஷம் இல்லை.

காலையில் மாமா போன் செய்தார். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு கிளம்பிவிட்டது, கோபாலபுரம் போய்க்கொண்டிருக்கிறது. அவரால் பேச முடியவில்லை, பம்பை அடிக்க வேண்டும். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான் என் போனை அம்மா காதருகில் வைத்தேன்.

பம்பை, உடுக்கை, தேங்காய் உடைகிற சத்தம், கூட்டத்தின் கூச்சல், எல்லாம் நசுங்கி ஒன்றாக வந்தது. போனின் சின்ன மைக் தாங்காது. தாங்குகிற அளவுக்கு மேல் சத்தம் போனால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும், அதுதான் அந்தக் கரகரப்பு. கிட்டார் ஆம்ப்பிலும் அதே கதை. வால்வு தாங்குவதற்கு மேல் தள்ளினால் வருவதுதான் டிஸ்டார்ஷன், ஹார்ட் ராக்கின் உயிர் அது. டூலின் கிட்டார்காரர் ஆடம் ஜோன்ஸ் வருஷக்கணக்காகத் தேடித் தேடிச் செதுக்கிய சத்தம். இன்று ஒரு மலிவு போன் வழியாகக் கெங்கையம்மன் அந்தச் சத்தத்தில் வந்தாள்.

அம்மா உதடு அசைந்தது. நான்கைந்து நிமிஷம் போனை விடவில்லை. நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் திரையை இழுத்துவிட்டுப் போனார். அவருக்கு நன்றி.

மே 16

மறுபடி காய்ச்சல். 102.

மே 17

102. அக்காவும் நானும் சண்டை போட்டோம். எதற்கென்று எழுதப் போவதில்லை.

மே 18

சவுண்ட்கார்டனிலும் ஆடியோஸ்லேவிலும் பாடிய கிறிஸ் கார்னெல் இறந்த நாள். 2017, டெட்ராய்டில் கச்சேரி முடித்த இரவு. வயது 52. சென்னையில் ஷேர் ஆட்டோவில் செய்தியைப் பார்த்து, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனேன்.

அந்தக் குரல் நான்கு ஆக்டேவ் (ஸ்தாயி) போகும் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு முக்கியம் உயரம் இல்லை. 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' போன்ற பாட்டில் அவர் முக்கால்வாசி நேரம் கீழேயே, பேசுகிற மாதிரி பாடுவார். மேலே போக முடிந்தவன் கீழே நிற்கிறான் என்பது கேட்பவனுக்குத் தெரியும், அதனால்தான் கலங்குகிறது. பக்கத்தில் சவுண்ட்கார்டனின் கிட்டார்காரர் கிம் தயில். அப்பா அம்மா கேரளத்துக்காரர்கள், பிறந்தது சியாட்டில். ஆறாம் கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கி அவர் எழுப்பும் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், காட்பாடி வழியாகக் கேரளா போகும் ரயில் நினைவுக்கு வந்து ஒரு பெருமை. நம் பக்கத்து ஆள்.

காய்ச்சல் 100.

மே 19

ஷில்லாங் பையனும் அவன் அக்காவும் இன்று ஊருக்குப் புறப்பட்டார்கள். அவன் கேட்டிராத மேட் சீசன் பேண்டின் ஆல்பத்தை அனுப்பினேன். 1995இல் வந்த 'அபவ்'. லேன் ஸ்டேலி, பேர்ல் ஜாமின் மைக் மெக்ரெடி, ஸ்க்ரீமிங் ட்ரீஸின் பாரெட் மார்ட்டின், ஜான் பேக்கர் சாண்டர்ஸ். சாண்டர்ஸை மெக்ரெடி சந்தித்தது போதை மீட்பு மையத்தில். ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கத்தான் பேண்டே தொடங்கினார்கள். சாண்டர்ஸ் 1999இல் போனார், ஸ்டேலி 2002இல். ரயிலில் கேட்கிறேன் என்றான். அவன் அக்கா ரொம்ப மெலிந்திருந்தார், ஆனால் பையைத் தானே தூக்கிக்கொண்டார்.

மே 20

காய்ச்சல் இல்லை. அம்மா கஞ்சி கேட்டாள். அப்புறம், "காதுல இன்னாடா அது எப்பப் பாத்தாலும்" என்றாள்.

'ஜார் ஆஃப் ஃப்ளைஸ்' போடலாமா, அதிலிருந்து 'நோ எக்ஸ்க்யூசஸ்' மட்டும் போதுமா என்று யோசித்தேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

நாளை பத்து மணிக்கு ஸ்கேன், வெறும் வயிறு. பழைய ஃபைல், ஆதார், பச்சைப் புடவை. அக்கா ஆறு மணிக்கே வந்துவிடுவாள். ஹெட்போன் சார்ஜில் போட வேண்டும்.