அப்பத்தாவுக்கு ஒரு வெளிச்சக் கோலம்: ஆறாவது வாரம்

புரொஜக்டரை ஸ்டூல் மேல் வைத்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் முதல் கோலத்தைக் காட்டினேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லாருக்குய்யா, யாரு போட்டா?" என்றாள். நான்தான் என்றேன். "நீ எங்க போட்ட? அது தானா வந்து நிக்குது." ஆறு வாரமாக அந்தப் பேச்சுக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன்.

ஐப்பசியில் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது காலும் கையும் விழுந்துவிட்டன. கால் பாதி திரும்பியிருக்கிறது. கை இன்னும் மடியில்தான் கிடக்கிறது. மதுரையில் எங்கள் தெருவில் இரண்டு நாள் வாசலில் கோலம் இல்லையென்றால், "என்னடா, வீட்ல எதுவும் துக்கமா?" என்று கேட்க ஆள் வந்துவிடும். அம்மா விடியுமுன் வேலைக்கு ஓடுகிறவள், ஒரு ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிவிட்டாள். அப்பத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் அதற்குக் கோபம் என்று பொருள்.

எனக்குக் கோலம் தெரியாது. பையன்களுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? ஜாவாஸ்கிரிப்ட் சுமாராகத் தெரியும். சரி, தெரிந்ததை வைத்துச் செய்வோம் என்று, ஜாவாஸ்கிரிப்டில் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ்ஸைத் திறந்தேன்.

முதல் வடிவத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு சதுரம், அதற்குள் வளைவுகள். நிரல் மேல் வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வரும். முடிந்தபின் பார்த்தால் அச்சு அசல் சிக்குக் கோலம். வரைவதைப் பார்த்தால்தான் கோளாறு. "இங்கிட்டு ஒரு வளைவு, அங்கிட்டு ஒரு வளைவு. எவ இப்படிப் போடுவா?" நியாயம்தான். அவள் கை எங்கேயோ கிளம்பி, சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். என்னுடையது பிரிண்டர் போல வரிவரியாக ஓடியது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, இழை நடந்து போகிற மாதிரி எழுதினேன். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் கிளம்பி, குறுக்காகப் போய், ஓரம் வந்தால் வளைந்து திரும்பி, புறப்பட்ட இடம் வந்ததும் நிற்க வேண்டும். 5 புள்ளி, 5 வரிசை கொடுத்தேன். பாதிக் கோலம்கூட ஆகவில்லை, இழை மூடிக்கொண்டது. எங்கோ பிழை என்று இரண்டு இரவு தேடினேன். மூன்றாம் நாள் அப்பத்தாவிடமே கேட்டேன். "அஞ்சுக்கு அஞ்சு வச்சா அஞ்சு இழையாப் பிரியும்யா. அஞ்சுக்கு ஆறு வை." வைத்தேன். ஒரே இழை, 30 புள்ளியையும் சுற்றி வந்து நின்றது. இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி எத்தனையோ அத்தனை இழை: பள்ளியில் நான் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்ததை அவள் வாசலில் குனிந்தே தெரிந்துவைத்திருக்கிறாள்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தாம்பரத்தில் சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலம் உருவாகும் விதிகளை, கணினி அறிவியலில் மொழிக்கு எழுதும் இலக்கணம் போல எழுதியிருக்கிறார்கள். அங்கோலாவில் சோக்வே மக்கள் மணலில் புள்ளி வைத்துப் போடும் சோனாவும் இதே கணக்குதான். அங்கே போடுகிறவர்கள் ஆண்கள். இதை அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப நீ ஏன் கத்துக்கல?" என்றாள். வாயைக் கொடுத்திருக்கக் கூடாது.

அதிக நாள் பிடித்தது மாவுதான். சீரான வெள்ளைக் கோடு எப்படிப் போட்டாலும் ஸ்டிக்கர் மாதிரியே இருந்தது. ஒரு தாம்பாளத்தில் பச்சரிசி மாவைக் கொடுத்து, இடது கையால் ஓர் இழை போடச் சொல்லி போனில் படம்பிடித்தேன். மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது தெரிந்தது: ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாவைத் தாங்குகின்றன, கட்டைவிரல்தான் தேய்த்துத் தேய்த்துத் தள்ளுகிறது. வளைவில் கை தயங்குகிறது, அங்கே மாவு கூடுதலாக விழுகிறது. நேராகப் போகும் இடத்தில் இழை மெலிகிறது. ஆகவே கோட்டையே தூக்கிவிட்டு, இழை ஒவ்வொரு முறை நகரும்போதும் ஒன்பது துகள், நடுவில் நெருக்கமாக, ஓரத்தில் சிதறலாக விழும்படி எழுதினேன். வளைவில் வேகத்தைக் குறைத்தேன். "இது கல்லுமாவு, கடையில விக்கிறது. அரிசிமாவு இம்புட்டு வெளுப்பா இருக்காது" என்றாள். 255, 255, 255 என்று சுத்த வெள்ளையாக இருந்த நிறம் 250, 244, 230 ஆனது. அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிப் பேச்சில்லை.

தினமும் போட்டதைச் சேமித்து, பழையதையும் புரட்டிப் பார்க்க ஒரு வசதி செய்திருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. "நேத்துப் போட்டத இன்னைக்கு எதுக்குக் காட்டுற? தண்ணி தெளிக்கலையா?" அதை எடுத்துவிட்டேன். இப்போது காலையில் சுவரில் ஈரச் சிமெண்டுத் தரையின் நிறம் மட்டும் பரவும், அப்புறம்தான் புள்ளி. மத்தியானத்துக்கு மேல் எறும்புகள் வந்து ஒவ்வொரு துகளாகத் தூக்கிப்போகும். எறும்பு என் யோசனை. அதற்கு மட்டும் சிரித்தாள்.

கடைசி மூன்று வாரமும் கைக்குத்தான் போனது. மீடியாபைப் என்ற மென்பொருள், கேமராவில் தெரியும் கையில் 21 இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். ஆனால் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், புரொஜக்டருக்கு இருட்டு வேண்டும். தாம்பாளத்துக்கு மேல் மட்டும் படிக்கிற விளக்கைக் கவிழ்த்து வைத்துச் சமாளித்தேன். இடது கையால் இழை இழுத்தாள். வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு, வலது கை சும்மா இருக்கிறதே என்றார். விரலால் மொச்சை பொறுக்கும் பயிற்சியை "சின்னப்புள்ள வெளாட்டு" என்று அப்பத்தா தள்ளிவிட்டிருந்தாள். புள்ளி வைப்பதும் அதே விரல் வேலைதானே? வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நெருங்கினால் சுவரில் ஒரு புள்ளி விழும்படி செய்தேன். விரல்கள் முழுதாகச் சேராது என்பதால், பாதி நெருங்கினாலே போதும் என்று அளவைத் தளர்த்தி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை.

இரண்டாம் நாளே பிடித்துவிட்டாள். "என் விரலு சேரவே இல்ல, புள்ளி விழுந்துருச்சு. ஏமாத்துறியா?" இறுக்கிவிட்டேன்.

நேற்று 20 நிமிடத்தில் நான்கு புள்ளி. வியர்த்துவிட்டாள். மீதி 26-ஐ நான் வைக்க வேண்டுமாம், சுவரில் இல்லை, வாசலில், மாவால். நாற்காலியை நிலைப்படிக்கு இழுத்துப்போட்டு உட்காரவைத்தேன். மூன்றாவது வரிசையிலேயே என் புள்ளி கோணிவிட்டது. துடைப்பத்தால் கூட்டிவிட்டு மறுபடி வைக்கச் சொன்னாள். ஸ்டிக்கரை உரித்த இடத்தில் பசை இன்னும் பிசுபிசுக்கிறது, மாவு அங்கே மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும்.